மடக்கு மிதிவண்டி: எடைக்கும் உறுதிக்கும் இடையே ஒரு வடிவமைப்பு வரலாறு

மடக்கு மிதிவண்டி என்பது, ஓட்டாத நேரத்தில் சுருக்கிக் கையில் தூக்கிச் செல்லவும், ரயில், பேருந்து, கார் ஆகியவற்றில் ஏற்றிச் செல்லவும் ஏற்ற வகையில் கீல்கள் வைத்து அமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். இதன் வரலாறு ஏறத்தாழ 140 ஆண்டுகளைக் கொண்டது. படைவீரர்களின் தேவைக்காக முதலில் பெருமளவில் உருவாக்கப்பட்ட இந்த வண்டி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் வேலைக்குச் சென்று வருவோரின் வண்டியாக மாறியது.

ஒரு மடக்கு மிதிவண்டியிடம் மூன்று பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. மடக்கினால் அது சிறிதாக இருக்க வேண்டும். தூக்கினால் இலேசாக இருக்க வேண்டும். ஓட்டினால் ஆட்டமின்றி உறுதியாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இந்த மூன்றையும் ஒரே வண்டியில் சேர்க்க முயன்ற வடிவமைப்பாளர்களின் வெற்றி தோல்விகளே மடக்கு மிதிவண்டியின் வரலாறு ஆகும். இக்கட்டுரை, குறிப்பாக 1970களில் இங்கிலாந்தில் உருவான பிக்கர்ட்டன், பிராம்ப்டன் ஆகிய இரு வண்டிகளின் வழியாக அந்த வரலாற்றை விளக்குகிறது.

சிக்கல் எங்கே உள்ளது?

சாதாரண மிதிவண்டியின் சட்டகம் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த வடிவம் கொண்டது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாமல் இருக்கும்வரை அதன் வடிவமும் மாறாது. பாலங்களிலும் கூரைத் தாங்கிகளிலும் முக்கோணம் பயன்படுவது இதனால்தான். மெல்லிய குழாய்களைக் கொண்டே உறுதியான மிதிவண்டியைச் செய்ய முடிவதற்கும் இதுவே காரணம்.

மடக்கு மிதிவண்டியில் இந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. முக்கோணத்தை நடுவில் மடக்க வேண்டுமானால் மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலும் ஆக இரண்டு கீல்கள் வேண்டும். எனவே பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் மேல் குழாயை நீக்கிவிட்டு, ஒரே ஒரு தடித்த குழாயை முதுகெலும்புபோல வைத்து, அதன் நடுவில் ஒரு கீலை அமைத்தனர். அப்போது சுமை முழுவதும் அந்த ஒற்றைக் குழாயை வளைக்கவும் முறுக்கவும் முயல்கிறது. அதைத் தாங்கக் குழாய் தடிப்பாக இருக்க வேண்டும்; எடை கூடுகிறது.

கீலும் தனிச் சிக்கலைத் தருகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு கீலின் இரு முகங்களும் 3 செ.மீ. அகலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன எனக் கொள்வோம். அவற்றுக்கு இடையே தேய்மானத்தால் 0.1 மி.மீ. இடைவெளி உண்டாகிறது. கீலிலிருந்து 90 செ.மீ. தொலைவில் உள்ள கைப்பிடியில் அந்த ஆட்டம் 30 மடங்காகி, 3 மி.மீ. ஆகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், ஓட்டுபவரின் கையில் அச்சமூட்டும் ஆட்டமாக உணரப்படும். ஆகவே மடக்கு மிதிவண்டியின் தரம் அதன் கீலின் தரத்தைப் பொறுத்தது எனலாம்.

தொடக்ககால முயற்சிகள்

1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கிரவுட் என்பவர், எடுத்துச் செல்லத்தக்க உயர்சக்கர மிதிவண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அக்கால வண்டிகளின் முன்சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும். கிரவுட்டின் வண்டியில் அந்தப் பெரிய சக்கரத்தைப் பகுதிகளாகப் பிரித்துப் பைக்குள் வைக்கலாம். இது மடக்கும் வண்டி என்பதைவிடப் பிரித்து அடுக்கும் வண்டி என்பதே பொருந்தும். எனினும், மிதிவண்டியைத் தன்னுடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விருப்பம் மிதிவண்டியின் தொடக்கக் காலத்திலேயே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் மிதிவண்டி வெளிவந்தது. ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட இந்த வடிவமே இன்றைய மிதிவண்டிகளின் முன்னோடி. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தினார். அதே 1888இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த எமிட் லாட்டா, சட்டகத்தில் கீல் வைத்து மடக்கும் மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். புதிய வகை மிதிவண்டி தோன்றி மூன்றே ஆண்டுகளில் அதை மடக்கும் எண்ணமும் தோன்றிவிட்டது.

படைத்துறையில் மடக்கு மிதிவண்டி

மடக்கு மிதிவண்டியை முதலில் பெரிதும் விரும்பியவை ஐரோப்பியப் படைகளே. நல்ல சாலையில் வீரர் வண்டியை ஓட்டலாம். வேலி, ஓடை, சேற்று நிலம் வந்தால் மடக்கி முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். குதிரையைப் போலத் தீனியும் தண்ணீரும் கேட்காது.

பிரான்சில் 1890களில் ஹென்றி ஜெரார் என்ற படை அதிகாரியும், சார்ல்ஸ் மொரெல் என்ற தொழிலதிபரும் இணைந்து இவ்வகை வண்டியை உருவாக்கினர். ஜெரார் 1893இல் பெற்ற காப்புரிமையின் வடிவம் நடைமுறைக்கு ஏற்றதாக இல்லை. மொரெலோ தாமே ஒரு மடக்கு வண்டியைச் செய்து வைத்திருந்தார். இருவரும் 1894இல் சந்தித்து உடன்பாடு செய்துகொண்டனர். மொரெல் பணமும் உற்பத்தியும் பார்த்துக்கொள்ள, ஜெரார் படைத்துறையில் அதைப் பரப்பினார். வண்டி பின்னாளில் 'கேப்டன் ஜெரார் மிதிவண்டி' என்றே பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் வான்குடை வீரர்களுக்காக ஒரு மடக்கு மிதிவண்டியைக் கோரியது. அதன் எடை 23 பவுண்டுக்கும், அதாவது ஏறத்தாழ 10.5 கிலோவுக்கும், குறைவாக இருக்க வேண்டும். வான்குடையுடன் தரையில் விழும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். பர்மிங்காமைச் சேர்ந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் இதைச் செய்தது. வளைந்த இரட்டைக் குழாய்களால் ஆன சட்டகம், இறக்கை வடிவத் திருகுமரைகளால் இறுக்கப்படும் இரு கீல்கள், உள்ளே தள்ளத்தக்க மிதிகள் ஆகியவை இதன் சிறப்புகள். ஆனால் இறுதியில் வண்டியின் எடை 32 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 14.5 கிலோ ஆனது. கேட்ட எடைக்கும் கிடைத்த எடைக்கும் இடையே 4 கிலோ வேறுபாடு. போரின் நெருக்கடியும் அரசின் பணமும் சேர்ந்தும் அந்த 4 கிலோவைக் குறைக்க முடியவில்லை. பெரிய சக்கரங்களும் எஃகும் இருக்கும்வரை மடக்கு மிதிவண்டி இலேசாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. இருப்பினும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய பிரிட்டானிய, கனடிய வீரர்கள் சிலர் இவற்றைச் சுமந்து சென்றனர்.

சிறிய சக்கரத்தின் வருகை

மடக்கிய வண்டியின் அளவு, அதன் சக்கரத்தின் அளவைவிடக் குறைய முடியாது. எனவே வண்டி சிறிதாக வேண்டுமானால் சக்கரமும் சிறிதாக வேண்டும். ஆனால் சிறிய சக்கர வண்டிகள் மெதுவானவை, குழந்தைகளுக்கு உரியவை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

இந்த எண்ணத்தை மாற்றியவர் அலெக்ஸ் மோல்டன். இவர் ரப்பர் அதிர்வுதாங்கிகளில் வல்லுநர். மினி காரின் ரப்பர் அதிர்வுதாங்கி அமைப்பை வடிவமைத்தவர். 1956ஆம் ஆண்டு சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது இவரது கவனம் மிதிவண்டியின் பக்கம் திரும்பியது. சிறிய சக்கரத்தின் குறைகளை இவர் பிரித்து ஆராய்ந்தார். பள்ளத்தில் சிறிய சக்கரம் ஆழமாக இறங்கும் என்பதால் அதிர்வு மிகும். இதற்கு ரப்பர் அதிர்வுதாங்கி வைத்தார். மெல்லிய டயரில் அதிகக் காற்றழுத்தம் கொடுத்தால் உருளும்போது ஏற்படும் தடை குறையும் எனக் கண்டார். சிறிய சக்கரம் எடை குறைவானது, உறுதி மிக்கது, விரைவாக வேகம் எடுக்கக்கூடியது என்ற நன்மைகளையும் எடுத்துக்காட்டினார்.

ராலே நிறுவனம் இவரது வடிவத்தை ஏற்க மறுத்ததால், மோல்டன் தம் ஊரான பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில் தாமே தொழிற்சாலை அமைத்தார். 16 அங்குலச் சக்கர மோல்டன் மிதிவண்டி 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜான் உட்பர்ன் என்ற வீரர் இவ்வண்டியை ஓட்டி, கார்டிஃப் - லண்டன் சாலையில் புதிய சாதனை படைத்தார். சிறிய சக்கரம் வேகத்துக்குத் தடையன்று என்பது இதனால் உறுதியானது. ராலே 1965இல் போட்டியாகக் கொண்டுவந்த வண்டியில் அதிர்வுதாங்கிக்குப் பதிலாகத் தடித்த, காற்றழுத்தம் குறைந்த டயர்கள் இருந்தன. அது ஓட்டுவதற்குக் கனமாக இருந்தது. 1967இல் ராலே மோல்டனின் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

மோல்டனின் முதன்மை வண்டி மடக்கும் வண்டி அன்று. ஆனால் அது இல்லாமல் பிற்கால மடக்கு வண்டிகள் தோன்றியிருக்க முடியாது.

சக்கரம் சிறிதானால் மிதி வேகமாகச் சுற்ற வேண்டுமா?

மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. 28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். 16 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 1.3 மீட்டரே நகரும். ஆனால் மிதியை ஒருமுறை சுற்றும்போது சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பதைப் பல்சக்கரங்களே முடிவுசெய்கின்றன. முன் பல்சக்கரத்தில் 50 பற்களும் பின் பல்சக்கரத்தில் 13 பற்களும் இருந்தால், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 3.85 முறை சுற்றும். அப்போது 16 அங்குல வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். இது பெரிய சக்கர வண்டி ஒன்று நகரும் தொலைவுக்கு நிகரானதே. ஆகவே சிறிய சக்கர வண்டியை ஓட்டுபவர் கூடுதலாக மிதிக்க வேண்டியதில்லை.

பிக்கர்ட்டன்: எடையை வென்ற வண்டி

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஐரோப்பாவில் விற்கப்பட்ட மடக்கு வண்டிகள் பெரும்பாலும் எஃகால் ஆனவை. 15 கிலோவுக்கும் மேல் எடை கொண்டவை. நடுவில் ஒரு கீலுடன் இரண்டாக மடங்கும். கார் டிக்கியில் வைக்கலாம். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு ரயில் நிலையப் படிகளில் ஏற முடியாது.

ஹாரி பிக்கர்ட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறிது காலம் கார் ஓட்ட இயலாத நிலைக்கு வந்தபோது, ரயிலில் கையோடு எடுத்துச் செல்லத்தக்க மிதிவண்டியை உருவாக்க முனைந்தார். 1971இல் உருவான அவரது வண்டி முழுக்க முழுக்க அலுமினியத்தை நம்பியது. சட்டகத்தில் பற்றவைப்பே இல்லை; பகுதிகள் இறுக்கிப் பொருத்தப்பட்டன. முன்சக்கரம் 14 அங்குலம், பின்சக்கரம் 16 அங்குலம். மொத்த எடை சுமார் 10 கிலோ. அரசு 1940களில் கேட்டுக் கிடைக்காத எடையை ஒரு தனிமனிதர் எட்டிவிட்டார். மடக்கிய வண்டியை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அதே பை ஓட்டும்போது கைப்பிடியில் சாமான் பையாகத் தொங்கும். 

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், எஃகின் அடர்த்தி 7.85 கிராம். எடையில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு. வளைவதை எதிர்க்கும் விறைப்பிலும் அது எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அந்தக் குறையை ஈடுசெய்யக் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். மெல்லிய சுவர் கொண்ட குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் எடை இரு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும். பிற்கால அலுமினிய மிதிவண்டிகள் தடித்த குழாய்களுடன் வருவது இதனால்தான். பிக்கர்ட்டனின் உயரமான, மெல்லிய கைப்பிடித் தண்டில் அந்த வசதி இல்லை. மேட்டில் ஏறும்போது கைப்பிடியை இழுத்தால் அது வளைவது ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரியும். மென்மையாக ஓட்டுவோருக்கு ஏற்ற வண்டி என்றே அது பெயர் பெற்றது. மடக்கிய வடிவமும் ஒழுங்கற்றதாக இருந்ததால், பை இல்லாமல் எடுத்துச் செல்வது கடினம்.

இக்குறைகள் இருந்தும், பிக்கர்ட்டன் 1980களின் இறுதிவரை விற்பனையில் இருந்தது. மிதிவண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏற முடியும் என்பதை மக்களுக்கு முதலில் காட்டிய வண்டி இதுவே.

பிராம்ப்டன்: அளவை வென்ற வண்டி

1947இல் பிறந்த ஆண்ட்ரூ ரிச்சி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். சில காலம் கணினித் துறையில் வேலை பார்த்தார்; பின்னர் அதை விட்டு லண்டனில் செடிகள் விற்பனையிலும் தோட்டப் பணியிலும் ஈடுபட்டார். 1970களின் நடுவில் தம் தந்தையின் வழியாக, பிக்கர்ட்டன் வண்டிக்கு முதலீடு திரட்டிக்கொண்டிருந்தவரைச் சந்தித்தார். வண்டியைப் பார்த்ததும் அதைவிடச் சிறப்பாக ஒன்றைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

பத்து நண்பர்கள் ஆளுக்கு 100 பவுண்டு கொடுத்து உதவினர். லண்டன் தெற்குக் கென்சிங்டனில் இருந்த தம் குடியிருப்பின் படுக்கையறையிலேயே ரிச்சி மாதிரி வண்டிகளைச் செய்தார். சன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் ஓரட்டரி என்னும் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்தார்.

ரிச்சி கையாண்ட வழி பிக்கர்ட்டனின் வழிக்கு நேர்மாறானது. எடையைக் குறைப்பதை முதல் குறிக்கோளாக அவர் வைக்கவில்லை. மடக்கினால் இயன்றவரை சிறிய, ஒழுங்கான பொதியாக வேண்டும். விரித்தால் ஆடாமல் இருக்க வேண்டும் என்பதே அவர் வைத்த வரிசை. சட்டகத்துக்கு எஃகையே தேர்ந்தார். வண்டி மடங்கும் முறை பின்வருமாறு:

1. பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணம், மிதி அச்சுக்கு அருகே உள்ள கீலில் சுழன்று முதன்மைக் குழாயின் கீழே வந்து நிற்கும். இந்நிலையில் வண்டி தாங்குகட்டை இல்லாமலே தானாக நிற்கும்.
2. முதன்மைக் குழாயின் நடுக்கீலைத் தளர்த்தினால், முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிப் பின்சக்கரத்தை ஒட்டி வந்து சேரும்.
3. கைப்பிடித் தண்டு கீழே மடங்கி, சக்கரத்தின் பக்கவாட்டில் படியும்.
4. இருக்கைத் தண்டைக் கீழே இறக்கினால், அது மடங்கிய பகுதிகள் விரியாதபடி பூட்டிவிடும்.
5. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடப்புற மிதி தனியே மடங்கும்.

இந்த அமைப்பில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இருக்கைத் தண்டே பூட்டாகவும் இருக்கிறது. பின் முக்கோணத்தின் மேல்முனை சட்டகத்தைத் தொடும் இடத்தில் ஒரு ரப்பர் கட்டையை வைத்ததால், மடக்கும் கீலே அதிர்வுதாங்கியின் கீலாகவும் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குள்ள சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவே மறைந்துவிடுவதால், தூக்கிச் செல்பவரின் உடையில் கறை படாது. அலுவலகம் செல்வோருக்கு இது சிறிய செய்தி அன்று. மடக்கிய வண்டியின் அளவு ஏறத்தாழ 58 செ.மீ. நீளம், 56 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலம். எடை 11 முதல் 12 கிலோ வரை. பிக்கர்ட்டனைவிட ஓரிரு கிலோ கூடுதல். ஆனால் ஒழுங்கான பொதி என்பதால் தூக்குவது எளிது. எடை என்பது தராசு காட்டும் எண் மட்டுமன்று. கைக்கு எவ்வாறு அமைகிறது என்பதும் எடைதான் என்பதை ரிச்சியின் வடிவம் மெய்ப்பித்தது.

பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு

வடிவம் உருவானவுடன் வெற்றி வந்துவிடவில்லை. தாமே தொழிற்சாலை நடத்தும் எண்ணம் ரிச்சிக்கு முதலில் இல்லை. வடிவமைப்பை ஏதேனும் பெரிய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிட வேண்டும் என்றே விரும்பினார். பல ஆண்டுகள் முயன்றும் எந்த நிறுவனமும் முன்வரவில்லை. சிக்கலான வடிவம், செய்யச் செலவு பிடிக்கும், வாங்க ஆள் இருப்பார்களா என்ற ஐயமே மேலோங்கியது.

பின்னர் 30 பேரிடம் ஆளுக்கு 250 பவுண்டு முன்பணம் பெற்று, வண்டிகளைத் தாமே செய்யத் தொடங்கினார். 50 வண்டிகள் உருவாயின. கூடுதலாகச் செய்த 20 வண்டிகளும் விற்றுப்போயின. அதன்பின் சில நூறு வண்டிகள் செய்யப்பட்டன. ஆனால் முதலீடு இன்மையால் 1980களின் முற்பகுதியில் உற்பத்தி நின்றது. வாங்கியவர்கள் மகிழ்ச்சியோடு ஓட்டிக்கொண்டிருந்தனர். வாங்க விரும்பியவர்களுக்கு வண்டி இல்லை.

தொடக்கக்கால வண்டிகளுள் ஒன்றை வாங்கி ஓட்டிவந்தவர் ஜூலியன் வெரெக்கர். இவர் நெய்ம் ஆடியோ என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவியவர். 1986இல் இவர் 40,000 பவுண்டு வங்கிக் கடனுக்குப் பொறுப்பேற்க முன்வந்தார். நண்பர்களும் பழைய வாடிக்கையாளர்களும் மேலும் பணம் சேர்த்தனர். லண்டன் பிரென்ட்ஃபர்ட்டில் ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் பட்டறை அமைந்தது. 1987இல் லண்டனில் நடந்த சைக்லெக்ஸ் மிதிவண்டிக் கண்காட்சியில் பிராம்ப்டன் சிறந்த பொருளுக்கான விருதைப் பெற்றது. 1988இல் முழு உற்பத்தி தொடங்கியது. முதல் எண்ணம் தோன்றியதிலிருந்து ஏறத்தாழ 13 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிராம்ப்டன் சட்டகத்தின் குழாய்கள் உருக்கி ஒட்டப்படுவதில்லை. எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பித்தளையைக் குழாய்களின் இடைவெளியில் ஓடவிட்டுப் பற்றவைக்கப்படுகின்றன. வெப்பம் குறைவு என்பதால் மெல்லிய குழாய்கள் வலிமை இழப்பதில்லை. இந்தப் பற்றவைப்பைச் செய்யும் தொழிலாளர் ஒவ்வொருவரும் தாம் செய்த பகுதியில் தமக்குரிய முத்திரையைப் பதிப்பது வழக்கம். 

1995இல் ஏற்றுமதிக்கான அரசி விருது நிறுவனத்துக்கும், 2009இல் இளவரசர் பிலிப் வடிவமைப்பாளர் பரிசு ரிச்சிக்கும் கிடைத்தன. தொழிற்சாலை பின்னர் மேற்கு லண்டனின் கிரீன்ஃபர்ட்டுக்கு மாறியது. 2022இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது.

வேறு வழிகளில் சென்றோர்

இதே காலத்தில் வேறு சிலரும் வேறு விடைகளைக் கண்டனர். கலிபோர்னியாவில் லேசர் ஆய்வில் ஈடுபட்டிருந்த இயற்பியலாளர் டேவிட் ஹோன், 1970களின் எண்ணெய் நெருக்கடியால் தூண்டப்பட்டு மடக்கு மிதிவண்டி வடிவமைப்பில் இறங்கினார். 1982இல் டேஹோன் நிறுவனத்தைத் தொடங்கி, தைவானில் உற்பத்தி செய்தார். விலையைக் குறைத்துப் பெரும் எண்ணிக்கையில் விற்பதே இவர் வழி.

மார்க் சாண்டர்ஸ் லண்டனில் மாணவராக இருந்தபோது உருவாக்கிய ஸ்டிரைடா, 1987இல் சந்தைக்கு வந்தது. மூன்று குழாய்கள் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணமாகும் வடிவம் இது. மடக்கினால் நீண்ட கோல்போல ஆகி, சக்கரங்களின் மீது உருட்டிச் செல்லலாம். ஓவன் மெக்லாரன் 1965இல் உருவாக்கிய, குடைபோல மடங்கும் குழந்தைத் தள்ளுவண்டியே இதற்குத் தூண்டுதல். சங்கிலிக்குப் பதிலாகப் பட்டை பயன்படுத்தப்பட்டதால் எண்ணெய்க் கறையும் இல்லை. தூக்காமல் உருட்டிச் செல்லும்போது எடை ஒரு பெரிய சிக்கலாகாது என்பது சாண்டர்ஸ் கண்ட விடை.

மீண்டும் எடை

அளவிலும் உறுதியிலும் வென்ற பிராம்ப்டன், பிற்காலத்தில் எடையின் பக்கம் திரும்பியது. 2005 முதல் சில வகைகளில் முன் கவையும் பின் முக்கோணமும் டைட்டானியத்தால் செய்யப்பட்டன. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம், எஃகைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. துருப்பிடிப்பதில்லை, உறுதியும் மிக்கது. ஆனால் சூடான டைட்டானியம் காற்றுடன் எளிதில் வினைபுரிந்து நொறுங்கும் தன்மை பெறும். எனவே ஆர்கான் வாயுவின் பாதுகாப்பிலேயே அதைப் பற்றவைக்க வேண்டும். விலை கூடுவதற்கு இது ஒரு காரணம்.

2022இல் வந்த டி-லைன் வகையில் சட்டகம் முழுவதும் டைட்டானியம். முன் கவை கார்பன் இழை. இதன் எடை 7.45 கிலோவிலிருந்து தொடங்குகிறது. 1940களில் கேட்கப்பட்ட 10.5 கிலோவைவிட இது 3 கிலோ குறைவு. ஆனால் மடங்கும் முறை ரிச்சி 1970களில் வகுத்ததுதான். வடிவம் முதலில் சரியாக அமைந்துவிட்டால், புதிய பொருள்கள் வரும்போது எடை தானே குறையும் என்பதற்கு இது சான்று.

வடிவம் யாருக்குச் சொந்தம்?

காப்புரிமை ஒருவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுக் காலத்துக்கே தனியுரிமை தரும். அதன்பின் அக்கண்டுபிடிப்பு பொதுவுடைமை ஆகும். பிராம்ப்டனின் மடக்கும் முறைக்கான காப்புரிமை முடிந்தபின், அதே தோற்றமுள்ள வண்டிகளைப் பிற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. தென்கொரிய நிறுவனம் ஒன்றின் வண்டிக்கு எதிராகப் பெல்ஜியத்தில் வழக்கு எழுந்தது. காப்புரிமை முடிந்துவிட்டாலும், வண்டியின் தோற்றம் ஒரு கலைப்படைப்பைப் போலப் பதிப்புரிமை பெறும் என்பது பிராம்ப்டன் தரப்பின் வாதம்.

வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குச் சென்றது. 2020 ஜூன் 11 அன்று வந்த தீர்ப்பு, ஒரு பொருளின் வடிவம் தொழில்நுட்பத் தேவைக்காக அமைந்தது என்ற காரணத்தால் மட்டும் பதிப்புரிமை மறுக்கப்படக் கூடாது என்றது. ஆனால் அவ்வடிவம் வடிவமைப்பாளரின் சுதந்திரமான படைப்புத் தேர்வைக் காட்ட வேண்டும். தொழில்நுட்பம் ஒன்றே அதைத் தீர்மானித்திருந்தால் பாதுகாப்பு இல்லை. இந்த வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உள்நாட்டு நீதிமன்றமே ஆராய வேண்டும் என்று விட்டுவிட்டது.

இந்த வழக்கு எழுப்பும் கேள்வி எளிதானதன்று. பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தவரின் படைப்பைப் பிறர் அப்படியே செய்து விற்பது முறையா என்று ஒருவர் கேட்கலாம். பதிப்புரிமை படைப்பாளர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். பயன்பாட்டுப் பொருளுக்கு அவ்வளவு நீண்ட தனியுரிமை கொடுத்தால், பிறர் அதை மேம்படுத்தும் வழி அடைபடாதா என்று மற்றொருவர் கேட்கலாம். பிக்கர்ட்டனைப் பார்த்துத்தான் ரிச்சி தம் வண்டியைச் செய்தார் என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. அவர் அதைப் படியெடுக்கவில்லை. அதன் குறைகளிலிருந்து கற்றுக்கொண்டார்.

மதிப்பீடு

மடக்கு மிதிவண்டியின் வரலாற்றில் எந்த ஒருவரும் தனியாக வெற்றி பெறவில்லை. ஜெராரும் மொரெலும் தேவையைக் காட்டினர். பி.எஸ்.ஏ. எடையின் எல்லையைக் காட்டியது. மோல்டன் சிறிய சக்கரத்தின் மீதிருந்த தவறான எண்ணத்தை நீக்கினார். பிக்கர்ட்டன் வண்டியைத் தூக்கத்தக்கதாக்கினார். ரிச்சி அதைக் கச்சிதமாக்கினார்.

இவர்களுள் பிக்கர்ட்டனின் பெயர் இன்று குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் அவர் வண்டி ரிச்சியின் கண்ணில் படாமல் இருந்திருந்தால் பிராம்ப்டன் தோன்றியிருக்காது. குறையுள்ள முன்னோடி ஒன்று இருந்தால்தான் அடுத்தவர் அதன் குறையைக் கண்டு திருத்த முடியும். பொறியியல் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே வளர்ந்துள்ளது.